பகலில் தூங்கும் கோழி

கோழி கூவியா பொழுது விடிகிறது என்று கேட்கும் பழமொழி ஒன்று நம்மிடம் உண்டு. கோழி இல்லாவிட்டாலும் சூரியன் உதிக்கத்தான் செய்வான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொங்கு நாட்டில் எத்தனையோ வீடுகளில், பொழுது விடிந்ததும் நடைபெறும் முதற் காரியம் கோழிக் கூண்டின் கதவைத் திறந்து விடுவதேயாகும். அந்தக் கதவைத் திறக்கும் கைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளின் கைகள்.

நாட்டுக்கோழி ஒன்று வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை வரையில்தான் இடும். பண்ணைகளில் வளரும் வெள்ளைக் கோழிகள் முந்நூறு முட்டை இடுவதைப் பார்த்தவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நாட்டுக்கோழிக்குத் தனிச் செலவு என்று ஒன்றும் இல்லை. சிந்திய சோளமும், கம்பும், குப்பைமேட்டுப் புழுவும், சோற்றுப் பருக்கையும் அதற்குப் போதும். அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும், மாரியம்மன் நோம்பிக்கும், விருந்தாளி வந்த நாளுக்கும் கை கொடுப்பது அதுவே. கணவனிடமோ மகனிடமோ கணக்குச் சொல்ல வேண்டாத பணம் கிராமத்துப் பெண்ணுக்கு ஒன்று உண்டென்றால், அது கோழி விற்ற பணம்தான்.

இப்பொழுது இந்த வழக்கம் பட்டணத்துக்கும் பரவியிருக்கிறது. கோயமுத்தூரைச் சுற்றியுள்ள புதுக் குடியிருப்புகளில், மொட்டை மாடியிலும் புழக்கடையிலும் நாலைந்து நாட்டுக்கோழிகள் வளர்க்கும் குடும்பங்கள் பல உண்டு. குழந்தைகள் அவற்றுக்குப் பெயர் வைத்துச் செல்லம் கொடுக்கிறார்கள். திடீரென்று ஒரு நாள் காலையில், அந்தச் செல்லக் கோழி இறகைச் சிலிர்த்துக் கொண்டு, கண்ணை மூடி, மூலையில் நின்றபடி தூங்கி வழிகிறது. மறுநாள் பார்த்தால் உயிரில்லை. "நேற்று வரையில் நன்றாகத்தானே இருந்தது!" என்று எல்லோரும் சொல்லுகிறார்கள்.

நேற்று வரையில் அது நன்றாக இருந்ததா என்பதைத்தான் நாம் இங்கே விசாரிக்கப் போகிறோம்.

நோயை மறைக்கும் பிராணி

மாடு நோவு கண்டால் கத்தும், நாய் முனகும். கோழியோ தன் நோவைக் கூடியவரையில் மறைத்துக் கொள்ளும். பலவீனமான கோழியைக் கூட்டத்தில் உள்ள மற்றக் கோழிகள் கொத்தித் துரத்தும்; பருந்தும் கீரியும் அதைத்தான் முதலில் குறி வைக்கும். ஆகையால் நோயுற்ற கோழி, தீனி போடும் சமயத்தில் தானும் ஓடிவந்து தரையைக் கொத்துவதுபோல் பாவனை செய்யும். சற்று உற்றுப் பார்த்தால், அலகு தரையில் படுகிறதே தவிரத் தானியம் உள்ளே போகவில்லை என்பது தெரியும்.

ஆகவே, நாம் திடீர் நோய் என்று சொல்வதில் பெரும்பகுதி, திடீரென்று நம் கண்ணுக்குப் பட்ட நோயேயாகும். முற்றிய பிறகே அது வெளியில் தெரிகிறது. சேவலின் நிறத்தைக் கொண்டு காகம், கீரி, வல்லூறு என்றெல்லாம் பெயர் சொல்லத் தெரிந்த ஜனங்கள் நம்மவர்கள். அதே கண்களால் காலையில் ஐந்து நிமிஷம் கூண்டையும், கூண்டின் அடியில் கிடக்கும் எச்சத்தையும் பார்த்தால், நோயை ஒரு நாளேனும் இரண்டு நாளேனும் முன்னதாக அறிந்து கொள்ளலாம்.

எச்சத்தைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. கோழிக்கு மூத்திரம் என்று தனியாக இல்லை. எச்சத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதே அது. பழுப்பு நிறத்தில் கெட்டியாகவும், தலையில் வெள்ளைத் தொப்பி வைத்ததுபோலவும் இருந்தால் அது நல்ல எச்சம். அந்த வெள்ளையைக் கண்டு வெள்ளைக் கழிச்சல் என்று பயந்து விடுகிறவர்கள் உண்டு, அது தவறு. நாளில் சில தடவை பாகுபோல் ஒட்டிக்கொள்ளும் கரும்பழுப்பு எச்சம் விழுவதும் இயற்கையே. தண்ணீராகப் பச்சையும் வெள்ளையும் கலந்து பீய்ச்சினாலும், ரத்தம் கலந்திருந்தாலும்தான் கவலைப்பட வேண்டும். வெறும் பச்சையாக இருந்தால், கோழி சில வேளையாக ஒன்றும் தின்னவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம்.

கையில் எடுத்துப் பார்த்தல்

சந்தேகம் தோன்றிய கோழியை உடனே விரட்டிப் பிடிக்கக் கூடாது. முதலில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். எப்படி நிற்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, நொண்டுகிறதா, கழுத்து திரும்பியிருக்கிறதா என்பவையெல்லாம் பிடித்த பிறகு தெரியமாட்டா. பிறகு மாலை மங்கிய வேளையில் மெல்ல எடுத்து, இறக்கைகளை உடலோடு அணைத்துப் பிடித்துக் கொண்டு, தலையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

கொண்டை சிவந்திருப்பது ஆரோக்கியம். வெளுத்திருந்தால் ரத்தக் குறைவு: குடற்புழுவோ, உண்ணியோ, பேனோ காரணமாகலாம். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சோ ரத்த ஓட்டமோ தடைப்பட்டிருக்கிறது. கண்ணில் நுரை, மூக்கில் சளி, வாயில் கோழை உண்டா என்று பார்க்க வேண்டும். கழுத்தின் அடியில், மார்புக்கு மேலே உள்ள இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பது மிக முக்கியம். மாலையில் அது நிறைந்திருக்கும். விடியற்காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லுப்போல் இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பைபோல் தளதளத்துப் புளித்த வாடை வீசினால் உள்ளே நொதித்திருக்கிறது.

அடுத்தது மார்பெலும்பு. அதன் இருபுறமும் சதை நிரம்பியிருந்தால், வந்திருக்கும் நோய் புதிது. எலும்பு கத்திபோல் கையில் தட்டுப்பட்டால், நாட்பட்ட நோய் இன்றைக்குத்தான் வெளியில் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். கடைசியாக வயிற்றையும், எச்சத் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளையும், கால்களையும் பார்க்க வேண்டும். பார்த்தவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக் கொண்டால், கால்நடை வைத்தியரிடம் சொல்ல உதவும். "கோழிக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம்!

வீட்டிலேயே சமாளிக்கக் கூடியவை

சோர்ந்த கோழிகளெல்லாம் சாகப் போகிற கோழிகள் அல்ல. சில தொந்தரவுகளை வீட்டிலேயே தீர்த்துவிடலாம்.

சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து, இறக்கையை அகல விரித்து மூச்சு வாங்கும் கோழிக்கு வந்திருப்பது வெப்பத் தாக்குதல். கோழியின் உடல் வெப்பம் இயல்பிலேயே சுமார் 41 டிகிரி செல்சியஸ்; வியர்வைச் சுரப்பியும் அதற்குக் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோயமுத்தூரில் எப்படியோ சமாளிக்கும் கோழி, ஈரோடு, கரூர்ப் பக்கத்து வெயிலில் சுருண்டு விழுந்து விடுகிறது. நிழலுக்குக் கொண்டு போய், கால்களைச் சாதாரண நீரில் நனைத்து, குடிக்க நீர் வைக்க வேண்டும். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பது ஆபத்து.

இட வேண்டிய முட்டை வெளிவராமல் சிக்கிக்கொண்ட பெட்டை, வாலைத் தாழ்த்தி நிமிர்ந்து நின்று முக்கிக் கொண்டேயிருக்கும். கை பொறுக்கும் சூடுள்ள நீரில், வயிறு வரையில் நனையும்படி கால்மணி நேரம் உட்கார வைத்து, துவாரத்தில் சிறிது எண்ணெய் தடவி, இருட்டான அமைதியான இடத்தில் விட்டால் பல சமயங்களில் முட்டை வந்துவிடும். உள்ளே இருக்கும் முட்டையை அழுத்தி உடைக்க மட்டும் கூடாது. சில மணி நேரத்தில் வராவிட்டால் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்து குன்றிப் போனால், அது ரத்தக் கழிச்சல். ஈரத் தரைதான் அதன் தாய்வீடு. இதற்கு நல்ல மருந்து உண்டு. வைத்தியர் சொல்லும் அளவில் குடிநீரில் கலந்து கொடுத்து, தரையை உலர வைத்தால் பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துக் கொள்ளும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கிளம்பினால் அம்மை. கொசுக்கடியால் பரவுவது இது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடும் நம் பாட்டிமார் வழக்கம் புண்ணை ஆற்ற உதவும். மற்றக் கோழிகளைக் காப்பதற்குத் தடுப்பூசி இருக்கிறது. உண்ணியோ, பகலெல்லாம் கூண்டின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும் ஜாதி. ஆகவே கோழிக்கு மருந்து போட்டால் மட்டும் போதாது. கூண்டின் விரிசல்களையும் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடைக்க வேண்டும்.

இவையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கொங்கு நாட்டுப் புழக்கடைகளைக் காலி செய்யும் நோய் வேறொன்று இருக்கிறது.

வெள்ளைக் கழிச்சல்

நம் ஊர்ப் பக்கத்தில் "கோழி தூங்குது" என்று சொன்னால், கேட்பவர்கள் முகம் சுண்டிப் போகும். அந்தத் தூக்கத்துக்குப் பின்னால் வருவது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். முதலில் சோர்வு, பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு. பிழைத்துக் கிடக்கும் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக் கொள்ளும். காலும் இறக்கையும் விளங்காமற் போகும். சுற்றிச் சுற்றி வரும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால், அத்தனை கோழிகளும் மடிந்துவிடுவதும் உண்டு.

இந்த நோய்க்கு ஒரு சரித்திரம் உண்டு. 1926-ஆம் வருஷத்தில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தருகிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. டாயில் என்ற ஆராய்ச்சியாளர் அதை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத வைரஸால் வரும் நோய் என்று 1927-இல் எழுதினார். அதனால் உலகத்தார் அதை நியூகாஸில் நோய் என்கிறார்கள். நம் தேசத்தில் இமயமலைச் சாரலில் குமாவூன் பிரதேசத்தைச் சேர்ந்த ராணிக்கேத் என்னும் ஊரில் அது காணப்பட்டது. அதே மலைப் பிரதேசத்து முக்தேஸ்வரத்தில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் எட்வர்ட்ஸ் 1928-இல் அதைப் பதிவு செய்தார். இன்றைக்கும் இந்தியாவில் அதற்கு ராணிக்கேத் நோய் என்றே பெயர். இமயமலையில் உள்ள ஓர் அழகான ஊரின் பெயர் நம் கோழிகளின் மரண ஓலையில் எழுதப்பட்டிருப்பது அந்த ஊரின் துரதிருஷ்டம்!

மாற்று மருந்து பிறந்ததும் அதே முக்தேஸ்வரத்தில்தான். 1940-களில் ஹாடோ, இத்னானி என்ற இருவர், அந்த வைரஸைக் கோழி முட்டைக் கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து அதன் வேகத்தைத் தணித்து, ஊசி மருந்தாக்கினார்கள். முக்தேஸ்வர வகை என்று அறியப்படும் அந்த மருந்து இந்தியாவோடு நிற்காமல் அயல் நாடுகளுக்கும் சென்றது. நம் மாகாணத்துக்கு வேண்டிய கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்க 1932-இல் ராணிப்பேட்டையில் நிலைபெற்ற ஸ்தாபனம் இன்றும் அந்தப் பணியைச் செய்து வருகிறது. உண்மையில் தடுப்பு மருந்துக் கலைக்கே கோழி ஒரு குரு. கிருமியை ஆராய்ச்சிசாலையில் பலவீனப்படுத்தி அதனாலேயே நோயைத் தடுக்கலாம் என்பதைப் பிரெஞ்சு தேசத்து லூயி பாஸ்டர் 1879-இல் கண்டுகொண்டது, கோழிகளின் காலரா நோயை ஆராய்ந்தபோதுதான்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக் கழிச்சல் கண்டுவிட்ட கோழியைக் குணப்படுத்த உலகத்தில் எந்த மருந்தும் இல்லை. சின்ன வெங்காயமும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்து உருட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கட்டும், அதனால் கோழிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்த உருண்டையை நம்பித் தடுப்பூசியை விட்டவர்கள் கூண்டை இழந்தார்கள்.

எங்கிருந்து வந்தது?

நம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று காரணம் கேட்டோம். "அமுச்சி அழுதுட்டே இருக்குதுங்க சார். பதினாலு கோழியும் போயிருச்சுங்க. ஒண்ணு கூட மிஞ்சலீங்க" என்றாள். அந்தப் பாட்டிக்கு வேறு வருமானம் இல்லை என்பதும், பேத்தியின் பஸ் செலவுக்கும் உடுப்புக்கும் அந்தக் கோழிகளே ஆதாரம் என்பதும் விசாரித்ததில் தெரிந்தது.

"முதல்லே எந்தக் கோழி கண்ணு தூங்குச்சு?" என்று கேட்டோம்.

"சந்தையிலே வாங்கிட்டு வந்த செவலைப் பெட்டைங்க. நாலு நாள்லே தூங்குச்சுங்க. அப்புறம் எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சுங்க."

அந்தச் சிறுமியின் பதிலில் விஷயம் முழுதும் அடங்கியிருந்தது. சந்தையிலிருந்து வந்த பெட்டை வீட்டுக்கு வந்த அன்றே மற்றக் கோழிகளோடு ஒரே கூண்டில் அடைக்கப்பட்டது. அதை விற்றவர் யார் என்று நாம் அறியோம். தம் வீட்டில் கோழி தூங்கத் தொடங்கியதும், "சாவதற்குள் காசாக்கி விடுவோம்" என்று எண்ணிச் சந்தைக்குக் கொண்டு வந்த ஒருவராக இருக்கலாம். அவரும் ஏழையாகத்தான் இருப்பார். அவருடைய கஷ்டமும் நமக்குப் புரிகிறது. ஆயினும் அவர் மிச்சப்படுத்திய நூறு இருநூறு ரூபாய், முன்பின் தெரியாத ஒரு பாட்டியின் பதினாலு கோழிகளுக்கு யமனாக முடிந்தது. பொள்ளாச்சி, குன்னத்தூர், அந்தியூர் என்று கொங்கு நாட்டில் சந்தைகளுக்குக் குறைவில்லை. ஒரு நோய்க் கோழி ஒரு சந்தை நாளில் எத்தனை ஊர்களுக்கு நோயை அனுப்பும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நோய்க் கோழியின் எச்சத்திலும் எச்சிலிலும் வைரஸ் நிறைந்திருக்கிறது. கூடையில், சாக்கில், செருப்படியில், வண்டிச் சக்கரத்தில், தண்ணீர்ப் பாத்திரத்தில் அது ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் லட்சக்கணக்கில் கோழி வளர்க்கும் பண்ணைக்காரர்கள், வாசலிலேயே மருந்து நீர் வைத்து, கால் நனைக்காமல் எவரையும் உள்ளே விடுவதில்லை. தேதி தவறாமல் தடுப்பு மருந்தும் கொடுக்கிறார்கள். 2019-ஆம் வருஷக் கால்நடைக் கணக்கின்படி, சுமார் 12 கோடிக் கோழியினங்களுடன் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதலிடம் பெற்றிருக்கிறது. அந்தப் பெருமையில் காவலில்லாமல் நிற்பது புழக்கடைக் கோழிதான்.

நோய் வந்துவிட்டால்

முதற் காரியம், தூங்கும் கோழியைத் தனியே பிரிப்பது. வேறொரு கூடையில், காற்றடிக்காத, உலர்ந்த, மங்கலான இடத்தில், மற்றவற்றுக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடலாம். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக் குழாயில் போய்விடும். ஆரோக்கியமான கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோய்க் கோழியைக் கடைசியில் கவனித்து, கையையும் காலையும் சோப்பால் கழுவ வேண்டும். இந்த வைரஸ் மனிதருக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. ஆனால் கையோடு கண்ணைக் கசக்கினால் சில நாள் கண் சிவந்து உறுத்தக்கூடும்.

இரண்டாவது, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி சொல்வது. 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசினால் நடமாடும் கால்நடை வைத்திய வண்டியின் உதவி கிடைக்கும். கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சரவணம்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

மூன்றாவது, செத்த கோழியை ஓடையிலும் குப்பைத் தொட்டியிலும் வீசாதிருப்பது. நாயும் காகமும் இழுத்துச் சென்றால், நோய் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மூன்றடி ஆழத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, நல்ல வெயிலில் காய விட வேண்டும். வெயிலும் சோப்பும் இந்த வைரஸுக்கு ஆகாதவை.

நான்காவது, மிஞ்சியவற்றை விற்காமலும், அறுத்து அண்டை அயலாருக்குக் கொடுக்காமலும் இருப்பது. இது சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியம் அன்று. மனச்சாட்சிக்குப் பயந்து செய்ய வேண்டியது.

ஐந்தாவதாக ஒரு கணக்கை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். முட்டை குஞ்சாவதற்கு 21 நாள். வெள்ளைக் கழிச்சல் கிருமி உடலில் புகுந்து வெளியில் தெரிவதற்கு ஐந்தாறு நாள் ஆவது சாதாரணம். 21 நாள் வரையிலும் ஆகலாம். ஆகவே சந்தையிலிருந்து எந்தக் கோழியை வாங்கினாலும், ஓர் அடைக்காலம் முழுதும் தனியே வைத்திருந்து பிறகு கூட்டத்தில் விடுங்கள். அந்தச் செவலைப் பெட்டையை அப்படி வைத்திருந்தால், பாட்டிக்கு ஒரு கோழியோடு நஷ்டம் நின்றிருக்கும்.

இவ்விடத்தில் பறவைக் காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்ட நோய் அது. 2014-இலும் 2024-இலும் நம் அண்டை மாநிலமான கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளிடையே பரவியது. அப்போதெல்லாம் கோயமுத்தூர் எல்லையில் வாளையாறு முதலிய இடங்களில் வண்டிகளை நிறுத்திச் சோதித்தார்கள். பல கோழிகள் ஒரே நாளில் மடிந்தாலும், முகம் வீங்கிக் கொண்டை கறுத்தாலும், சுற்றிலும் காகங்கள் செத்து விழுந்தாலும், எதையும் தொடாமல் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது கடமை. அது மனிதரையும் தாக்கக் கூடியது.

நூறு கோழிக்கு ஒரு குப்பி

தடுப்பூசி இத்தனை காலமாக இருந்தும், புழக்கடைக் கோழிகள் ஏன் சாகின்றன? காரணம் மிகவும் எளிது. ஊசி மருந்து ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கு என்று வருகிறது. அதைப் பனிக்கட்டியில் வைத்துக் காக்க வேண்டும்; கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கும் பாட்டி நூறு கோழிக்கான மருந்தை வாங்கி என்ன செய்வாள்? எட்டுக் கோழிக்காக ஒரு வைத்தியர் பனிப்பெட்டியோடு எத்தனை தோட்டத்துக்கு நடப்பார்?

இதற்காகவே தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையார் வருஷந்தோறும் பிப்ரவரி மாதத்தில், கோடைக்கு முன்பாக, இரண்டு வாரம் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். எட்டு வாரம் நிரம்பிய கோழிக்கு இறக்கையின் அடியில், தோலுக்குக் கீழே அரை மில்லி ஊசி. சின்னக் குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. நாலாவது வாரத்தில் மறுபடியும் ஒரு சொட்டு. தாய்க் கோழியிடமிருந்து குஞ்சுக்கு வந்த எதிர்ப்புச் சக்தி நாளாக நாளாகக் குறைந்து விடுவதால்தான் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் நலம். ஆரோக்கியமாக உள்ள கோழிக்கு மட்டுமே ஊசி. தூங்கத் தொடங்கிய கோழிக்குப் போட்டுப் பயனில்லை.

பனிப்பெட்டித் தொல்லையைத் தீர்க்கவும் விஞ்ஞானிகள் முயன்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்பிராட்புரோ வெப்பத்தைத் தாங்கும் மருந்து வகைகளை உருவாக்கினார். ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெண்களே அதைக் கண் சொட்டாக ஊரார் கோழிகளுக்குப் போட்டு வருகிறார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், தீனியோடு தூவிக் கொடுக்கக்கூடிய குருணை மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை; ஊசியும் வேண்டியதில்லை.

ஆகையால் நாம் செய்யக்கூடியது இதுதான். தெருவில் பத்து வீட்டில் கோழி இருந்தால், பத்து வீட்டாரும் ஒன்று கூடி ஒரு நாளைக் குறிக்கலாம். எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் கொடுத்துவிடலாம். கோழிகள் மேயப் போவதற்கு முன்பாக, விடியற்காலையில் கூண்டிலேயே வைத்துக் கொண்டு காத்திருக்கலாம். கணக்கெடுக்கும் வேலையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெகு உற்சாகமாகச் செய்வார்கள். அவர்களுக்கு அது ஒரு நல்ல பாடமுமாகும். ஒரு வீட்டார் மாத்திரம் ஊசி போட்டுக் கொண்டு, பக்கத்து வீட்டார் போடாமல் இருந்தால், வேலிக்கு அப்பால் நோய் காத்துக் கொண்டேயிருக்கும். கோழிக்கு வேலி ஏது?

நூற்றுக்கணக்கான கோடி செலவழித்துச் செய்யும் பெரிய திட்டங்கள் தேசத்துக்கு வேண்டியவையே. அவற்றோடு, ஒரு கிழவியின் பதினாலு கோழிகள் ஒரு வாரத்தில் அழிந்து போகாமல் காப்பதும் தேசப் பணிதான். அதற்குப் பணம் வேண்டாம். ஒரு தெருவின் ஒற்றுமையும், ஒரு காலை நேரமும் போதும். தை மாதம் முடிவதற்குள் உங்கள் தெருக் கோழிகளை எண்ணி வைத்துக் கொள்ளுங்கள்.